சும்மா போய்வரும் உரிமை



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசிப்பு வட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அடுத்த வருடத்துக்கான பயிற்சி முகாமை எந்த மாதம் வைக்கலாம் என்று பேச்சு ஓடியது. ஆகஸ்ட் என்று யாரோ சொன்னதும் ஒரு தம்பி கையைத் தூக்கினான்.

"அக்கா, ஆகஸ்ட்ல நான் இருக்க மாட்டேன். வாக்கன் போறேன்."

"அது எங்கடா இருக்கு?"

"ஜெர்மனியில. மெட்டல் ஃபெஸ்டிவல்க்கா."

ஒரு நொடி அமைதி. பிறகு ஒரு தோழர் சொன்னார், "எங்க ஊர்ல பொணத்தத் தூக்கிட்டுப் போறதுக்கே பாதை இல்ல, இவனுக்கு ஜெர்மனி கேக்குது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தம்பியும் எங்களோடு சேர்ந்து சிரித்தான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் சிரித்தானே, அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. நாலு பேர் முன்னால் நம்மைக் குறைத்துப் பேசும்போது, வலித்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க நாம் சிரிப்போமே, அது. கல்லூரியில் நான் எத்தனையோ முறை அப்படிச் சிரித்திருக்கிறேன். இந்த முறை அதை ஒரு பையனுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தம்பிக்கு 24 வயது. வடசென்னை. அப்பா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். இவன் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கூரியர் குடோனில் வேலை பார்க்கிறான். ஹெவி மெட்டல் உனக்கு எப்படிடா பிடித்தது என்று பிறகு கேட்டேன். "சாவு வீட்டுல அடிக்கும்போது அடிவயித்துல வந்து விழும்ல, அதே அடிக்கா" என்றான். இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த இசை விமர்சகரிடமும் கேட்டதில்லை.

வாக்கன் என்பது ஜெர்மனியின் வடக்கே, ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் இருக்கும் ஒரு கிராமம். சுமார் 2,000 பேர் வசிக்கும் ஊர். 1990இல் உள்ளூர் இளைஞர்கள் சிலர் ஒரு பழைய சரளைக் குழியில் மேடை போட்டு ஆறு ஜெர்மன் குழுக்களை வாசிக்க வைத்தார்கள். சுமார் 800 பேர் வந்தார்கள். இன்று ஒவ்வொரு கோடையிலும் 80,000 பேர் அளவுக்கு அந்தக் கிராமத்து வயல்வெளியில் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். விழா முடிந்த கையோடு அடுத்த வருட டிக்கெட் விற்பனை ஆரம்பித்துவிடும்; சில வருடங்களில் சில மணி நேரத்திலேயே தீர்ந்தும் போயிருக்கிறது. ஊர்த் தீயணைப்புப் படையின் பேண்டு குழுவும் மேடையேறி வாசிக்கும். மழை பெய்தால் முழங்கால் வரை சேறு. 2023இல் சேறு தாங்க முடியாமல் பல ஆயிரம் பேரை உள்ளேயே விட முடியவில்லை.

தம்பி இதையெல்லாம் சொல்லும்போது அந்தச் சேறு வரைக்கும் ஆசையாகச் சொன்னான். ரப்பர் பூட்ஸ் எந்த நம்பர் வாங்குவது, ஹாம்பர்க்கில் இறங்கி இட்ஸெஹோ வரை ரயிலில் போய் அங்கிருந்து எப்படி பஸ் பிடிப்பது, முதல் நாள் எந்த மேடைக்குப் போவது என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.

இது பணக்காரப் பையன்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்த இசை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம், ஆஸ்டன் பகுதி. தொழிற்சாலைப் புகைக்குள் வாழ்ந்த உழைக்கும் மக்களின் தெருக்கள். டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். வேலையை விட்டு நிற்க இருந்த கடைசி நாளில் இயந்திரம் அவனுடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துவிட்டது. அவன் இடது கைப் பழக்கமுள்ளவன். கிதாரில் தந்தியை அழுத்துவது வலது கை. இனி வாசிக்கவே முடியாது என்றார்கள். அப்போது தொழிற்சாலை மேலாளர் ஒருவர் அவனுக்கு ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். ஜாங்கோ, ஐரோப்பா முழுக்க விரட்டப்பட்ட ரோமா மக்களில் ஒருவர். வண்டி வீடு தீப்பிடித்ததில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் வாசித்தவர். அதைக் கேட்ட அயோமி, பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, அதன்மேல் பழைய தோலை ஒட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். விரல் வலிக்காமல் இருக்கத் தந்திகளைத் தளர்த்தினார். ஒலி கனமானது. அந்தக் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன், பாட வருவதற்கு முன் மாடு வெட்டும் கொட்டிலில் வேலை பார்த்தவர். 1970 பிப்ரவரியில் வந்த அவர்களுடைய முதல் தட்டோடுதான் ஹெவி மெட்டல் பிறந்தது என்று பலரும் சொல்கிறார்கள்.

வெட்டுப்பட்ட விரல், ஒட்டிய தோல், மாட்டுக் கொட்டில். இதில் எதுவும் நமக்கு அந்நியம் இல்லை. "இது இசையா, இரைச்சல்" என்று அன்றைய விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். அந்த வார்த்தையும் நமக்குப் புதிதில்லை. நம்முடைய தோற்கருவிகளைப் பற்றி இந்த ஊரில் எத்தனை தலைமுறையாக அதைச் சொன்னார்கள்!

2025 ஜூலை 5 அன்று அதே ஆஸ்டனில், வில்லா பார்க் மைதானத்தில் ஓஸி கடைசியாகப் பாடினார். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல் சிம்மாசனம் போன்ற ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். ஜூலை 22இல் இறந்தார். தம்பி அந்த வாரம் முழுக்கக் கறுப்புச் சட்டையில்தான் வேலைக்குப் போனானாம். யாருக்கும் காரணம் தெரியாது.

உழைப்பாளிகளின் கையில் பிறந்த இசையைக் கேட்க ஓர் உழைப்பாளியின் மகன் போக நினைக்கிறான். இப்போது அவன் எதிரில் என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

டிக்கெட் 300 யூரோவுக்கு மேல். ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ. மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். விமானக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் என்று கணக்கு வைத்திருக்கிறான். மாதம் 2,500 ரூபாய் சீட்டு கட்டி மூன்று வருடத்தில் 90,000 சேர்த்துவிட்டான். மீதியையும் சேர்த்துவிடுவான். பணத்தைவிடக் காகிதம்தான் அவனைப் பயமுறுத்துகிறது.

வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். சீட்டுப் பணம் மொத்தமாக வந்து விழுந்தால், திடீரென்று இது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். சம்பளச் சீட்டு கேட்பார்கள். இவனுக்குப் பாதிச் சம்பளம் கையில்தான் வருகிறது. வேலை பார்க்கும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம் வேண்டும். கேட்டதற்கு மேற்பார்வையாளர் மேலும் கீழும் பார்த்து, "நீயா? ஜெர்மனிக்கா?" என்றாராம். கடிதம் இன்னும் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நீ திரும்பி வருவாய் என்பதற்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி. வீடு, நிலம், நிரந்தர வேலை, சொத்து. இருப்பவன் திரும்பி வருவான், இல்லாதவன் ஓடிவிடுவான் என்பது கணக்கு.

விசா விண்ணப்பத்தில் சாதிக்கென்று ஒரு கட்டம் இல்லைதான். ஆனால் அதில் இருக்கும் ஒவ்வொரு கட்டமும், சாதி யாருக்கு எதைக் கொடுத்தது, யாரிடமிருந்து எதைப் பறித்தது என்பதைத்தான் கேட்கிறது. தாத்தா காலத்தில் நிலம் வைத்துக்கொள்ள விடப்படாதவனின் பேரனிடம் பட்டா எங்கே என்றால் அவன் எதைக் காட்டுவான்?

இந்த இடத்தில் அண்ணலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தீண்டாமையால் தான் பட்டதையும் நம் மக்கள் பட்டதையும் எழுதிய குறிப்புகளுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று தலைப்பு இருக்கிறது. இளைஞர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 1913இல் நியூயார்க் போய் 1917இல் லண்டனிலிருந்து திரும்பிய அவர், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழ்ந்த காலத்தில் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே தன் மனதிலிருந்து அழிந்துபோயிருந்ததாக எழுதுகிறார். பரோடாவில் வந்து இறங்கியதும், எங்கே தங்குவது என்ற கேள்வி அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. பார்சி விடுதியில் வேறு பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஆட்கள் வந்து நின்றார்கள்.

"அண்ணல் படிக்கப் போனார், இவன் ஆட்டம் போடப் போறான். ரெண்டும் ஒண்ணா?" என்று அந்தத் தோழர் கேட்பார். கேட்டும்விட்டார். ஒன்றில்லைதான். ஆனால் இந்தக் கேள்வி ஏன் நம்மிடம் மட்டுமே கேட்கப்படுகிறது?

நம் பிள்ளை உதவித்தொகை வாங்கி வெளிநாடு போனால் போஸ்டர் ஒட்டுகிறோம். அது சரி, ஒட்டத்தான் வேண்டும். அவன் படித்து வந்து சமூகத்துக்குத் திருப்பிக் கொடுப்பான். ஆனால் ஒருவன் சும்மா, சந்தோஷத்துக்காக மட்டும் போகிறேன் என்றால் நமக்கே பொறுக்கவில்லை. 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் பெங்களூருக்கு வந்தபோது இந்தியா முழுவதிலிருந்தும் பையன்கள் ரயிலேறிப் போனார்கள். இப்போது வருடா வருடம் வாக்கனுக்கும் போகிறார்கள். ஆதிக்கச் சாதி வீட்டுப் பையன் போகும்போது, இதனால் உன் சமூகத்துக்கு என்ன பயன் என்று அவன் மாமா கேட்பதில்லை. "பாத்துப் போய்ட்டு வாப்பா, ஸ்வெட்டர் எடுத்துக்கோ" என்பார். நம் பிள்ளைக்கு மட்டும் ஒவ்வொரு அடியும் பயனுள்ளதாக இருக்க வேண்டும். உழைக்கலாம், படிக்கலாம், போராடலாம். சும்மா இருக்கக் கூடாது. 'நீ பயன்பட்டால்தான் உனக்கு இடம்' என்பது நம்மை அடக்கியவர்கள் சொன்னது. அதை நாம் ஏன் நம் பிள்ளைகளிடம் திருப்பிச் சொல்ல வேண்டும்?

வாக்கன் ஒன்றும் சமத்துவபுரம் இல்லை. அங்கே கூடுகிறவர்களில் பெரும்பான்மை வெள்ளையர்கள். மெட்டல் இசைக்குள்ளேயே நாஜி கருத்துகளைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு கூட்டமும் இருக்கிறது. நம்மவர்கள் போகும்போது சாதியைக் கஸ்டம்ஸில் விட்டுவிட்டுப் போவதில்லை. சேர்ந்து போகிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் தம்பி சேர்ந்தபோது முதல் நாளே ஒருவர் கேட்டது முழுப் பெயர். அடுத்தது எந்த காலேஜ். பதில் சொன்ன பிறகு அவரிடமிருந்து பேச்சே இல்லை. அதே குழுவில் பெங்களூர்க்காரர் ஒருவர் இவனுக்குத் தினமும் அரைமணி நேரம் ஒதுக்கி விண்ணப்பம் நிரப்பச் சொல்லித் தருகிறார். தன்னிடம் கூடுதலாக இருக்கும் ஸ்லீப்பிங் பேகைத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே இசையைத்தான் கேட்கிறார்கள். இசை தானாக யாரையும் திருத்துவதில்லை.

அதனாலேயே நம் பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டும் என்கிறேன். மேற்கு ஜாவாவின் கிராமம் ஒன்றிலிருந்து மூன்று முஸ்லிம் பெண்கள், பள்ளியில் படிக்கும்போதே 'வாய்ஸ் ஆஃப் பாச்செப்ரொட்' என்ற மெட்டல் குழுவைத் தொடங்கினார்கள். பெண்ணுக்கும் முக்காட்டுக்கும் இந்த இசை பொருந்தாது என்று ஊரே திட்டியது. 2022இல் முக்காட்டோடு வாக்கன் மேடையில் நின்றார்கள். 'பாச்செப்ரொட்' என்றால் அவர்கள் மொழியில் இரைச்சல் என்று பொருள். 2019இல் டெல்லியிலிருந்து போன 'பிளடிவுட்' குழு தோல் (டோல்) மேளத்தோடு அங்கே வாசித்தது. மேடை அப்படித்தான் மாறுகிறது. மேடைக்குக் கீழே நிற்கும் கூட்டமும் மாற வேண்டாமா?

சுடுகாட்டுப் பாதைக்கான போராட்டம் நடக்கும். தம்பியும் அதில் நிற்பான். போன முறை கலெக்டர் அலுவலகத்தில் நாள் முழுக்க வெயிலில் நின்றவன் அவன். இந்தப் பயணத்தால் அந்தப் பாதைக்கு ஒரு அடிகூடக் குறையப் போவதில்லை. செத்தபின் போகும் பாதைக்காகப் போராடும் நாம், உயிரோடு இருக்கும்போது போக நினைக்கும் பாதையைக் கேலி செய்யக் கூடாது.

போன வாரம் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுக்கா, பழகிடுச்சு" என்றான். பழகக் கூடாதுடா என்றேன். சீட்டுப் பணத்தை இனி மாதா மாதம் வங்கியில் போட்டுக் கணக்கு காட்டும்படி ஏற்பாடு செய்திருக்கிறோம். முழுச் சம்பளத்தையும் வங்கியிலேயே போடும்படி கேட்டு எழுத்தில் கொடுக்கப்போகிறான். இது அவனோடு வேலை பார்க்கும் மற்றவர்களுக்கும் உதவும். அன்றைக்குக் கேலி செய்த தோழர்தான் அந்தக் கடிதத்தை எழுதித் தந்தார்.

விசா கிடைக்குமா தெரியவில்லை. கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிப்பான். ரப்பர் பூட்ஸ் மட்டும் வாங்கிவிட்டான். இந்த மழைக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் எங்கள் தெருவில் நடக்கிறான்.

உங்கள் பகுதியிலும் இப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருப்பார்கள். மலை ஏறணும், கடல் தாண்டணும், ஒரு பாட்டைக் கேட்கணும் என்று என்றைக்காவது வாய்விட்டுச் சொல்வார்கள். எதுக்கு என்று கேட்காதீர்கள். எப்போ கிளம்புற என்று கேளுங்கள்.

ஜெய் பீம்.