ஆற்று வளைவில் ஓர் ஊர்



இம்மாதம் அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்துக்குப் போய் வருவோம். அங்கே வில்கொக்ஸ் மாவட்டத்தில் அலபாமா ஆறு குதிரை லாடம்போல வளைந்து ஓடுகிறது. அந்த வளைவுக்குள், மூன்று பக்கமும் ஆறு சூழ, ஜீஸ் பென்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. 1949 இல் அரசு அதற்குப் பொய்கின் என்று பெயர் மாற்றியது. ஆனாலும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

1816 இல் ஜோசப் ஜீ என்பவர் அங்கு பருத்தித் தோட்டம் அமைத்தார். 1840களில் அது மார்க் பெற்வே என்பவரின் கைக்கு மாறியது. அவர் தமது அடிமைகளை வட கரோலினாவிலிருந்து கால்நடையாகவே கொண்டுவந்தார். அந்தக் கறுப்பின மக்களின் வழித்தோன்றல்களே இன்றும் அங்கு வாழ்கிறார்கள். எசமானின் குடும்பப் பெயரே பலருக்கும் ஒட்டிக்கொண்டது.

1865 இல் அடிமை முறை ஒழிந்த பின்னரும் நிலம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வாரத்துக்குப் பயிரிட்டுக் கடனில் வாழ்ந்தார்கள். 1932 இல், கடன் கொடுத்த வியாபாரி இறந்தபின், அவரது குடும்பத்தின் ஆட்கள் ஆயுதங்களோடு வந்து தானியம், மாடு, கலப்பை என அகப்பட்டதையெல்லாம் கொண்டுபோனார்கள். பட்டினி கிடந்த மக்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் உணவு கொடுத்தது. பின்னர் மத்திய அரசு அந்தக் காணிகளை வாங்கி, வீடுகள் கட்டி, குறைந்த வட்டிக் கடனில் அவர்களுக்கே விற்றது.

பலகை இடுக்குகளால் குளிர்காற்று புகும் பழைய வீடுகளில் பிள்ளைகளைக் காத்தவை தாய்மார் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகள். கிழிந்த காற்சட்டை, மாச்சாக்கு என்று எதையும் வீசமாட்டார்கள். துண்டுகளைப் பொருத்தி மேற்பக்கம் தைத்து, நடுவில் பஞ்சு பரப்பி, அடியில் வேறு துணி வைத்து, மூன்றையும் சேர்த்துக் கையால் தைப்பார்கள். ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள் அமையும் மாதிரிக்கு ‘வீட்டுக்கூரை’ என்று பெயர்.

மிசூரி பெற்வே என்ற பெண் தன் கணவனை இழந்தார். அவர் வயலில் உடுத்த பழைய உடுப்புகளை எடுத்து வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துப் போர்த்திக்கொள்ளவே அதைத் தைத்ததாக மகள் ஆர்லொன்சியா பின்னர் சொன்னார். முழங்கால் தேய்ந்த இடம்கூட அதில் தெரிகிறது. சகோதரிகளே, அந்தத் துணிகளை வெட்ட அவர் மனம் எப்படிப் பதறியிருக்கும் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள்.

1960களில் கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய அக்கரையிலுள்ள கம்டன் நகருக்குப் போகத் தொடங்கினார்கள். 1962 இல் ஆற்றைக் கடக்கும் பாதைச் சேவை நிறுத்தப்பட்டது. தரைவழியாகச் சுமார் 64 கிலோமீற்றர் சுற்ற வேண்டியதாயிற்று. வாக்குக் கேட்டதற்காக அயலூர்களில் பல குடும்பங்கள் குடியெழுப்பப்பட்டன. சொந்தக் காணி இருந்தவர்களை அப்படி எழுப்ப முடியவில்லை. பாதை மீண்டும் ஓட 2006 வரை காத்திருந்தார்கள்.

1966 இல் அப்பகுதிப் பெண்கள் கூட்டுறவு ஒன்றை அமைத்துப் போர்வைகளை விற்றார்கள். அது 2012 வரை இயங்கியது. 2002 இல் ஹூஸ்டன் நகரிலும் பின்னர் நியூயோர்க்கிலும் இப்போர்வைகள் கலைக்கூடங்களின் சுவர்களில் தொங்கின. 2006 இல் அவற்றின் படங்களோடு தபால் முத்திரைகள் வெளியாகின.

புகழ் வந்த பிறகு கணக்குப் பற்றிய கேள்வியும் எழுந்தது. தமக்கு உரிய பணம் கிடைக்கவில்லை என்று தைத்த பெண்கள் சிலர் 2007 இல் வழக்குத் தொடுத்தார்கள். மறுவருடம் அது தீர்வுக்கு வந்தது.

நீங்கள் தைப்பவராயினும், பின்னுபவராயினும், உங்கள் பொருளில் உங்கள் பெயரைப் போடுங்கள். என்ன விலைக்குக் கொடுத்தீர்கள், யாரிடம் கொடுத்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மாதிரியைப் படம் எடுக்க, அச்சிட யாராவது கேட்டால், அதற்கு என்ன தருவார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.