படித்துக் காட்டுங்கள்!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

என் தந்தையார் எழுதப் படிக்கத் தெரியாதவர். சில ஆண்டுகளுக்கு முன் வீட்டுமனைப் பட்டா கேட்டு மனுக் கொடுக்கப் போனார். அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடம் விவரம் சொல்லி எழுதச் செய்தார். சொன்னதில் ஒரு வரி தேவையற்றது என்று எழுதியவருக்குத் தோன்றியது. நல்லெண்ணத்தோடுதான் அதை விட்டுவிட்டார். அந்த மனையில் எத்தனை ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம் என்பது அந்த வரியில்தான் இருந்தது. மனு திரும்பி வந்தது. அன்று முதல், எந்தத் தாளில் கைநாட்டு வைப்பதானாலும், "எழுதியதை ஒருமுறை படித்துக் காட்டுங்கள்" என்று கேட்காமல் அவர் வைப்பதில்லை.

மென்பொருள் உலகில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் படித்தபோது, தந்தையாரின் அந்தச் சொல்தான் என் நினைவுக்கு வந்தது.

திறந்த மூல மென்பொருளின் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். ஆனால் அதை எழுதியவரிடமிருந்து நாம் நேரே பெறுவது குறைவு. டெபியன், உபுண்டு போன்ற அமைப்புகள் ஆயிரக்கணக்கான மென்பொருள்களைத் திரட்டிக் களஞ்சியமாக வைத்திருக்கின்றன. ஒவ்வொரு தொகுப்புக்கும் பராமரிப்பாளர் உண்டு. அவர் தம் அமைப்புக்கு ஏற்ப நிரலில் சில மாற்றங்களைச் செய்து தருகிறார். ஆக, எழுதியவர் ஒருவர். நம் கையில் தருபவர் வேறொருவர்.

2006ஆம் ஆண்டில், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் டெபியனின் பராமரிப்பாளர் ஒரு திருத்தம் செய்தார. இரகசியச் சாவிகளை உருவாக்கித் தருவது அந்த மென்பொருள். வால்கிரைண்ட் என்னும் சோதனைக் கருவி அதன் நிரலில் ஓர் எச்சரிக்கையைக் காட்டியது. அதை நீக்க இரண்டு வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்றுதான், எவரும் ஊகிக்க முடியாத எண்களைத் திரட்டிச் சேர்க்கும் உயிர்நாடியான வரி! அது போனபின், கணினி தன் ஒவ்வொரு பணிக்கும் இடும் எண் ஒன்றே எஞ்சியது. அப்போது வழக்கமாக அது 32,768-ஐத் தாண்டியதில்லை. எண்ணிலடங்காத வகைகளில் அமைய வேண்டிய சாவிகள் சில பத்தாயிரங்களுக்குள் அடங்கிவிட்டன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே பூட்டைத் திறந்துவிடலாம்!

2008ஆம் ஆண்டு மே மாதத்தில்தான், லூசியானோ பெல்லோ என்பவர் கண்டறிந்த பின், இக்குறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. டெபியனை அடியொற்றிய உபுண்டுவும் தப்பவில்லை. இடைப்பட்ட காலத்தில் உண்டாக்கிய சாவிகளை எறிந்துவிட்டுப் புதியவை செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

அந்தப் பராமரிப்பாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. வரிகளை நீக்கலாமா என்று அவர் முன்கூட்டியே மடல் வழியாகக் கேட்டார். ஊக்கம் தரும் பதிலும் வந்தது. அவர் செய்த திருத்தமும் யார் வேண்டுமானாலும் காணும்படி இருந்தது. ஆனால் செய்து முடித்த திருத்தம், சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும்படி மூல ஆசிரியர்களுக்கு அனுப்பப்படவில்லை. திறந்து கிடப்பது வேறு, தெரியப்படுத்துவது வேறு. தந்தையாரின் மனுவும் அவர் கையில் திறந்துதான் இருந்தது. படித்துக் காட்டத்தான் ஆளில்லை.

"பராமரிப்பாளர்களில் பலர் ஊதியமின்றி உழைப்பவர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அனுமதி பெற வேண்டுமென்றால் அவசரத் திருத்தங்கள்கூடத் தாமதமாகுமே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் கேட்பது அனுமதியன்று, அறிவிப்பு. திருத்தும் உரிமை திறந்த மூலத்தின் உயிர்; அதை யாரும் பறிக்க வேண்டாம். அவ்வுரிமையை வழங்கும் 1991ஆம் ஆண்டின் ஜி.பி.எல். இரண்டாம் உரிமமே, மாற்றிய கோப்புகளில் மாற்றியதையும் அதன் தேதியையும் எடுப்பாகக் குறிக்க வேண்டும் என்கிறது. உரிமையோடு கடமையும் உடன்பிறந்ததே.

நல்வழிக்கும் எடுத்துக்காட்டு உண்டு. தன் ஒப்புதலின்றி மாற்றப்பட்ட உலாவி 'ஃபயர்ஃபாக்ஸ்' என்ற பெயரைத் தாங்கக் கூடாது என்று மொசில்லா வலியுறுத்தியது. 2006இல் டெபியன் தன் பதிப்புக்கு 'ஐஸ்வீசல்' என்று வேறு பெயரிட்டது. 2016இல் இணக்கம் ஏற்பட்டுப் பழைய பெயர் திரும்பியது. இடைப்பட்ட பத்தாண்டுகளும், இது மாற்றப்பட்டது என்பதைப் பெயரே பயனருக்குச் சொல்லி நின்றது.

எல்லாத் தொகுப்புக்கும் பெயர் மாற்ற வேண்டியதில்லை. மாற்றியவர் யார், எப்போது, ஏன், மூல ஆசிரியருக்கு அனுப்பப்பட்டதா என்னும் நான்கு விவரங்கள் போதும். டெபியனின் திருத்தக் குறிப்புகளுக்கு வகுக்கப்பட்ட நெறிமுறையில், மூலவருக்கு அனுப்பப்பட்டதா என்பதற்கும் இடமுண்டு. ஆயினும் அது கட்டாயமன்று. பாதுகாப்பு சார்ந்த மென்பொருள்களுக்கேனும் அதைக் கட்டாயமாக்க வேண்டும். நிறுவும்போதே பயனர் கண்ணில் படும்படி காட்டவும் வேண்டும் என்பது என் துணிபு.

இது எங்கோ இருப்பவர்களின் சிக்கல் என்று எண்ணிவிடாதீர்கள், நண்பர்களே! நிரலின் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்து நம்மில் யார் மென்பொருளை நிறுவுகிறோம்? அந்த இடத்தில் பட்டதாரியும் கைநாட்டுக்காரரே. நாளை நம்மில் சிலர் பிறர் எழுதிய நிரலைத் திருத்தும் பொறுப்புக்கு வருவோம். அன்று, நம்மை நம்பிக் கைநாட்டு வைப்பவர் அருகில் இருக்கிறார் என்பதை மறவாதிருப்போம். அவர் கேட்குமுன்பே படித்துக் காட்டுவோம்!