குற்றால அருவிக்கு மேலே என்ன இருக்கு தெரியுமா?

சாரல், அருவிக்குளியல், பார்டர் பரோட்டா... குற்றால சீசன் உங்களுக்கு அத்துப்படி. அருவிக்கு மேலே இருக்கிற காட்டைப் பத்தி யோசிச்சிருக்கீங்களா?

உலக நிலப்பரப்பில் காடு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. தென் அமெரிக்காவின் சுரினாமில் 90 சதவிகிதத்துக்கும் மேல். ஜப்பானில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. எகிப்தில் 1 சதவிகிதம்கூட இல்லை. இந்தியாவில்? 2023 வன அறிக்கைப்படி 21.76 சதவிகிதம். காட்டுக்கு வெளியே நிற்கும் மரங்களையும் சேர்த்தால் 25.17. 1988 தேசிய வனக் கொள்கை வைத்த இலக்கு, மூன்றில் ஒரு பங்கு!

இந்த எண்களை அப்படியே ஒப்பிட்டுடாதீங்க. எது காடு என்கிற கணக்கே இடத்துக்கு இடம் மாறும். நம்ம அறிக்கையில், 1 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவிகிதம் மரக்கிளைகள் மூடியிருந்தால் அது காடு. அதாவது, தென்காசிப் பக்கத்துத் தென்னந்தோப்பும் அதில் சேரலாம்.

ஆனா, தோப்பு செய்யாத வேலையை மலைக்காடு செய்யுது. உதிர்ந்த இலையும் வேரும் மண்ணைப் பஞ்சு மாதிரி வெச்சிருக்கும். பெய்த மழையை உள்வாங்கி, மெள்ள மெள்ளக் கசியவிடும். அதனாலதான் மழை விட்ட பிறகும் பேரருவியில் தண்ணி விழுது. சிற்றாறாக ஓடி தென்காசிப் பக்கத்து வயல்களுக்கும் போகுது. மலைக்காடு போச்சுன்னா, மழையன்னிக்கு வெள்ளம். மறுவாரம் வெறும் பாறை.

அடுத்த முறை 'காடு கூடிடுச்சு'னு செய்தி வந்தா, ஒரு கேள்வி கேளுங்க: கூடினது காடா, தோப்பா?