கொம்பிரசரை வீட்டிலேயே மாற்றலாமா?

வாகனத் திருத்தம் என்றாலே அது ஆண்களின் விடயம் என்று நாம் ஒதுங்கிக் கொள்கிறோம். ஆனால் அதற்குச் செலவாகும் பணம் நமது வீட்டுப் பணம்தான். அதனால் இம்மாதம் வாகன ஏசியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

அண்மையில் நான் சந்தித்த ஒரு சகோதரி கணவரை இழந்தவர். பாடசாலைப் பிள்ளைகளை வானில் ஏற்றி இறக்கிக் குடும்பத்தைக் கொண்டு நடத்துகிறார். ஏசி வேலை செய்யாவிட்டால் பெற்றோர் பிள்ளைகளை வேறு வானுக்கு மாற்றி விடுவார்கள் என்ற பயம் அவருக்கு. "கொம்பிரசர் போயிட்டுதாம் மிஸ். பழசு ஒண்டு வாங்கித் தந்தால் தம்பி வீட்டிலேயே பூட்டுறன் எண்டு சொல்றான். கூலியாவது மிஞ்சும்தானே?" என்று கேட்டார்.

சிக்கனம் நல்லதுதான். ஆனால் பாகம் வாங்குவதற்கு முன், பழுது கொம்பிரசரில்தானா என்பதை உறுதி செய்ய வேண்டும். காஸ் கசிந்து குறைந்து விட்டால், கொம்பிரசர் இயங்காதபடி அழுத்த சுவிட்ச் தடுத்து விடும். பியூஸ் அல்லது ரிலே போனாலும் அது இயங்காது. நல்ல கொம்பிரசரையே பழுதென்று நினைத்து மாற்றினால் காசுதான் நட்டம்.

அடுத்தது பாதுகாப்பு. இன்று ஓடும் பெரும்பாலான வாகனங்களில் இருப்பது ஆர்-134ஏ என்னும் காஸ். எஞ்சின் நிற்கும்போதும் அது குழாய்க்குள் கடும் அழுத்தத்துடனேயே இருக்கும். அதன் கொதிநிலை மறை 26 பாகை செல்சியஸ். குழாயைத் திடீரெனக் கழற்றினால் சீறி வந்து கண்ணையும் தோலையும் உறையச் செய்துவிடும். நெருப்புப் பட்டால் நச்சு வாயுவும் உண்டாகும். காற்றில் விட்டுவிடுவதும் தவறு. இந்தக் காஸ் ஒரு கிலோ, ஏறத்தாழ 1,400 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். 2016ஆம் ஆண்டின் கிகாலி உடன்பாடு இத்தகைய வாயுக்களைக் குறைப்பதற்காகவே செய்யப்பட்டது.

ஆகவே அந்தச் சகோதரிக்கு வேலையைப் பிரித்துச் செய்யும்படி சொன்னேன். முதலில் கராஜில் பழுதை உறுதி செய்து, காஸை இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதன்பின் பெல்ட்டையும் போல்ட்டுகளையும் கழற்றிக் கொம்பிரசரை மாற்றுவதைத் தம்பி செய்யலாம். அதற்கு முன் பற்றரி வயரைக் கழற்றி விட வேண்டும். றப்பர் வளையங்களும் ஈரம் உறிஞ்சும் டிரையரும் புதிதாகப் போட வேண்டும். ஒயிலின் வகையும் அளவும் சரியாக இருக்க வேண்டும். பழைய கொம்பிரசர் உள்ளே உடைந்திருந்தால் உலோகத் தூள் குழாய்களில் பரவியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாவிட்டால் புதியதும் விரைவில் பழுதாகும். பின்பு ஏசியைப் போடாமல் கராஜுக்குக் கொண்டுபோய், குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வக்கியூம் பம்பால் அகற்றி, கசிவு பார்த்து, பொனட்டின் கீழ் எழுதியுள்ள நிறைக்கு அளவாகக் காஸ் நிரப்ப வேண்டும். மலிவென்று எரியக்கூடிய வாயுவை நிரப்ப விடாதீர்கள்.

ஹைபிரிட் கார் வைத்திருப்போருக்கு ஒரு எச்சரிக்கை. பிரியஸ் போன்ற கார்களில் கொம்பிரசர் ஓடுவது உயர் மின்னழுத்தத்தில். அதற்குச் செல்லும் செம்மஞ்சள் நிற வயர்களில் வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. அது உயிரையே பறித்துவிடும். அதற்குரிய ஒயிலும் வேறு.

சகோதரிகளே, கராஜுக்குப் போனால் கூச்சப்படாமல் கேளுங்கள். கசிவு பார்த்தீர்களா? காஸ் எவ்வளவு போட்டீர்கள்? டிரையர் மாற்றினீர்களா? கழற்றிய பழைய பாகத்தையும் விபரம் எழுதிய பில்லையும் கேட்டு வாங்குங்கள். உழைத்த காசுக்குக் கணக்குக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.