கைப்பக்குவத்துக்குக் கூலி எங்கே?

இப்போ எந்தக் கம்பெனிக்காரரு பேசினாலும் 'கைவினை', 'ஸ்கில்'னுதான் ஆரம்பிக்கிறாங்க. ஷூ விளம்பரத்துலகூட ஒரு பெரியவர் தோலைத் தடவிப் பாக்கிற மாதிரி படம். ஆம்பூர் பக்கம் கம்பெனிக்குள்ள போய்ப் பாருங்க. ஒரு பொண்ணு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஷூவோட ஒரே ஒரு துண்டுக்குத் தையல் போடும். மணிக்கு எத்தனை ஜோடிங்கிற கணக்குதான் அங்கே சாமி. அது கையில பக்குவம் இல்லையான்னா, இருக்கு. துணி மாதிரி இல்ல தோலு. ஊசி ஒரு தரம் தப்பா இறங்கினா அந்த ஓட்டை மூடவே மூடாது. அது சம்பளச் சீட்டுல எங்க வருது?

நம்ம பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலம் ஒண்ணு இருந்துச்சு. பட்டைத் தண்ணியில வாரக்கணக்குல ஊறணும். மடிச்சுப் பாத்து, வெட்டின இடத்து நிறம் பாத்துப் பதம் சொல்ல ஆள் வேணும். அந்த ஈ.ஐ. தோலுக்குப் புவிசார் குறியீடே இருக்கு. அப்புறம் குரோம் வந்துச்சு, வேலை சட்டுனு முடிஞ்சுது. பாலாறு என்னாச்சுன்னு 1996லயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புல எழுதிடுச்சு, நான் வேற சொல்லணுமா? பழசெல்லாம் சொர்க்கம்னு சொல்ல வரலை. பதம் தெரிஞ்ச அந்த மனுஷனைத்தான் ஊருக்கு வெளியே நிறுத்தி வெச்சோம். தோலு உசத்தி, தொட்டவன் மட்டம். இன்னைக்கு லேபிள்ல மட்டும் அவரு கலைஞராம்!

எங்க பொழப்பும் அதேதான். 2005ல வந்த நூறு நாள் வேலைச் சட்டத்துல எங்க சனம் செய்யறதுக்குப் பேரு திறன் சாராத உடலுழைப்பு. தெரியாதவன் போட்ட கரை மொத மழையில கரைஞ்சு போகும், தெரிஞ்சவன் போட்டது நிக்கும். அதுக்குப் பேரு திறன் இல்லாம வேற என்னங்க?

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023ல குறியீடு கிடைச்சுது. சந்தோஷம்தான். காம்புல, செடியில எல்லாம் முள்ளு. கையைக் கிழிச்சுக்காம, காய் அடிபடாம பறிக்கிறது லேசுல வராது. பறிக்கிற பொம்பளைங்களுக்குக் கூலி அஞ்சு ரூபா ஏத்தணும்னா நான் லாங் பஜார்ல விலை ஏத்திக் கேக்கணும். கேட்டா, "கத்தரிக்காய்க்கு என்னய்யா இவ்ளோ?"ங்கிறாங்க. அதே ஆளு எதிர்ல ஏசி கடையில 'ஹேண்ட்மேட்' ஸ்டிக்கர் ஒட்டின செருப்புக்குப் பேரமே பேசாம பணத்தை எடுத்து வெக்கிறாரு.