வெள்ளத்துக்கு முன்னே செய்தி வரவேண்டும்!

பெருமழையைத் தடுக்க யாராலும் முடியாது. ஆனால், ஆபத்து வருகிறது என்ற செய்தியை, ஆபத்துக்கு முன்னே அனுப்ப முடியும். அப்படி அனுப்பினால், பொருள் போனாலும் உயிர் பிழைக்கும்.

சென்னை தேனாம்பேட்டையில் இருந்து அண்ணா சாலை வழியாகத் தெற்கே போனால் நந்தனம். அதை அடுத்துச் சைதாப்பேட்டை. அங்கே அடையாறு ஓடுகிறது.

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி பேய்மழை கொட்டியது. நகருக்கு மேற்கே உள்ள செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து தண்ணீர் திறந்து விடப்பட்டது. எவ்வளவு தண்ணீர்? அன்று இரவு, வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி!

இந்தக் கணக்கு என்ஜினீயர்களுக்குப் புரியும். ஆற்றங்கரைக் குடிசையில் கைக்குழந்தையுடன் இருக்கும் தாய்க்குப் புரியுமா?

ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். அதாவது, இரண்டு குடம். வினாடிக்கு 58 ஆயிரம் குடம் தண்ணீர் என்று சொன்னால், அவளுக்கும் புரியும். "உங்கள் தெருவுக்கு இத்தனை மணிக்குள் வெள்ளம் வரும். இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள்" என்று சொன்னால், இன்னும் நன்றாகப் புரியும்.

அன்று பல வீடுகளில், தண்ணீர் உள்ளே புகுந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மின்சாரம் நின்றது. பல இடங்களில் டெலிபோனும் வேலை செய்யவில்லை. சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

முன்கூட்டியே சொன்னால் பலன் உண்டா? உண்டு. அதற்கு நல்லவாடு கிராமமே சாட்சி.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை 6½ மணி அளவில் சுமத்ரா தீவு அருகே கடலுக்கு அடியில் பூகம்பம் ஏற்பட்டது. சுமார் இரண்டரை மணி நேரம் கழித்துச் சுனாமி அலைகள் சென்னைக் கரையைத் தாக்கின. இடையில் இருந்த நேரம் வீணாயிற்று. மெரினா கடற்கரையில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

புதுச்சேரியை அடுத்த மீனவர் கிராமம் நல்லவாடு. அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஓர் ஒலிபெருக்கி ஏற்பாடு செய்திருந்தது. அலை எவ்வளவு உயரம் என்று மீனவர்களுக்கு அதில் அறிவிப்பது வழக்கம். அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் டெலிபோனில் எச்சரித்தார். உடனே ஒலிபெருக்கி முழங்கியது. ஜனங்கள் ஓடினார்கள். படகுகள் உடைந்தன, வீடுகள் போயின. ஆனால், 3 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் உயிர் தப்பினார்கள்!

காரணம் என்ன? அது தினமும் கேட்டுப் பழகிய ஒலிபெருக்கி. ஆகவே நம்பினார்கள்.

இன்று வசதிகள் பெருகி உள்ளன. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-ம் ஆண்டு முதல் இயங்குகிறது. செல்போனில் அபாய ஒலி எழுப்பும் முறை, 2023-ம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டில் சோதித்துப் பார்க்கப்பட்டது.

ஆனால், செல்போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால்? காது கேளாத பாட்டிக்கு யார் சொல்வது? படுத்த படுக்கையாக இருப்பவரை யார் தூக்குவது?

மாநகராட்சியின் தேனாம்பேட்டை மண்டலத்தில் மெரினா கடற்கரையும் உண்டு. நெருக்கமான சந்துகளும் உண்டு. ஒவ்வொரு தெருவிலும் முதியோர், நோயாளிகள், கர்ப்பிணிகள் யார் யார் என்று எழுதி வைக்க வேண்டும். யார் வீட்டுக் கதவை யார் தட்டுவது, எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்குவது என்பதை ஐப்பசி மழைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். ஒரு முறை ஒத்திகையும் பார்க்க வேண்டும். மாநகராட்சியின் 1913, மாநிலப் பேரிடர் உதவிக்கான 1070 ஆகிய எண்களைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

புரியும்படி, நேரத்தோடு சொல்வது அரசாங்கத்தின் கடமை. அதைக் கடைசி வீடு வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது தெருவில் உள்ளவர்களின் கடமை. இரண்டில் ஒன்று தவறினாலும், முதலில் பலியாவது ஓட முடியாதவர்கள்தான்.