எஸ்எஸ்டி புதுசு, வேகம் மட்டும் பாதி... மதர்போர்டு பெட்டியில் எழுதாத கணக்கு!

கோபாலபுரத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் நண்பர் ஒருவர், ரிச்சி ஸ்ட்ரீட்டில் 2 டிபி எஸ்எஸ்டி வாங்கினார். விநாடிக்கு 7,000 எம்பி என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்தது. வீட்டில் மாட்டிப் பார்த்தால் 3,500-ஐத் தாண்டவில்லை. அது போதாதென்று, ஏற்கெனவே இருந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் திரையிலிருந்து காணாமல் போயின. ஒரு டிஸ்க்கில் இன்னும் டெலிவரி கொடுக்காத இரண்டு கல்யாணங்கள்!

"டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டாங்க" என்று கோபமாகக் கடைக்குப் போனார். கடைக்காரர் அதே எஸ்எஸ்டியைத் தன் டெஸ்ட் மெஷினில் மாட்டிக் காட்டினார். 7,000 வந்தது. பொருளில் குறையில்லை, கடைக்காரர் மேலும் தப்பில்லை. அப்போ பாதி வேகம் எங்கே போச்சு?

மதர்போர்டுக்குள் போச்சு.

ப்ராசசரிலிருந்து தகவல் போய்வரும் பாதைகளை 'லேன்' என்பார்கள். அவை எண்ணி வைத்தவை. நண்பருடையது 2020-ல் வந்த ஏஎம்டி பி550 வகை போர்டு. அதில் உட்காரும் ரைசன் 5000 ப்ராசசரில் 24 லேன்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு 16, முதல் எஸ்எஸ்டிக்கு 4. மிச்சமுள்ள 4, சிப்செட் என்ற துணைச் சில்லுக்கு. இரண்டாவது எஸ்எஸ்டி ஸ்லாட், சாட்டா போர்ட்டுகள், நெட்வொர்க், பல யூஎஸ்பி போர்ட்டுகள் எல்லாமே அந்த சிப்செட்டில்தான் தொங்குகின்றன.

கோபாலபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். உள்தெருவில் வீட்டுக்கு இரண்டு கார் நிற்கலாம். காலை 9 மணிக்கு எல்லாரும் கதீட்ரல் ரோட்டுக்கு வந்துதானே ஜெமினி மேம்பாலம் பக்கம் போகணும்? ப்ராசசருடன் நேரடியாக இணைந்த முதல் ஸ்லாட், கதீட்ரல் ரோட்டிலேயே வாசல் வைத்த வீடு. மற்றதெல்லாம் உள்தெரு.

அந்த ரோட்டின் அகலமும் தெரிந்த கணக்குதான். பிசிஐஇ மூன்றாம் தலைமுறையில் நான்கு லேன் சேர்ந்தால் விநாடிக்குச் சுமார் 4 ஜிபி. நான்காம் தலைமுறையில் சுமார் 8 ஜிபி. பி550-ன் முதல் ஸ்லாட் நான்காம் தலைமுறை. சிப்செட் வழியாக வரும் இரண்டாவது ஸ்லாட் மூன்றாம் தலைமுறை. சிப்செட்டிலிருந்து ப்ராசசருக்குப் போகும் பாதையும் அதே 4 ஜிபிதான். அதனால் 7,000 எம்பி எஸ்எஸ்டியை இரண்டாவது ஸ்லாட்டில் மாட்டினால் 3,500 கிடைப்பதே பெரிய விஷயம். அதே நேரத்தில் யூஎஸ்பியிலும் நெட்வொர்க்கிலும் ஃபைல் வந்துகொண்டிருந்தால், இருக்கிற 4 ஜிபியைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஹார்ட் டிஸ்க் மறைந்ததும் இதே கதை. பல போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட்டும் இரண்டு சாட்டா போர்ட்டுகளும் ஒரே லேன்களைப் பகிர்கின்றன. ஸ்லாட்டில் எஸ்எஸ்டி ஏறினால் அந்த போர்ட்டுகள் அணைந்துவிடும். டிஸ்க்கில் உள்ள டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அது தெரியாதவருக்கு அந்த ஒரு ராத்திரி எப்படிப் போயிருக்கும்?

காசு கூடப் போட்டால் தீர்ந்துவிடுமா என்றால், எப்போதும் இல்லை. இன்டெலில் பி760-ஐவிட இசட்790-க்கு சிப்செட் பாதை இரு மடங்கு அகலம், சுமார் 16 ஜிபி; அங்கே காசுக்குப் பலன் உண்டு. ஏஎம்டியின் எக்ஸ்670-ல் பி650-ல் இருப்பதுபோல ஒன்றல்ல, இரண்டு சில்லுகள். போர்ட்டுகள் நிறைய. ஆனால் இரண்டாவது சில்லு முதல் சில்லின் பின்னால் வரிசையில் நிற்கிறது; ப்ராசசருக்குப் போகும் பாதை பி650-ல் உள்ள அதே 8 ஜிபிதான்! ப்ராசசரையும் பார்க்கணும். நம் ஊரில் பட்ஜெட் பிசிக்களில் பலரும் போடும் ரைசன் 5 5600ஜி-யில் நான்காம் தலைமுறையே கிடையாது. முதல் ஸ்லாட்டும் மூன்றாம் தலைமுறை வேகத்துக்கு இறங்கிவிடும்.

கேம் ஆடுபவர்களும் ஆபீஸ் வேலை பார்ப்பவர்களும் இதற்காகக் கவலைப்பட வேண்டாம். வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. பெரிய ஃபைல்களை நாள் முழுக்க நகர்த்துபவர்களுக்குத்தான் அடி.

லேன்களுக்கு அளவு வைத்ததை நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு லேனுக்கும் ப்ராசசரில் பின்கள் வேண்டும், போர்டில் தடம் வேண்டும். 128 லேன் கொண்ட த்ரெட்ரிப்பர் ப்ரோ விற்கத்தான் செய்கிறது. விலையைக் கேட்டால் மயக்கம் வரும். குறை, இதை எங்கே எழுதுகிறார்கள் என்பதில்தான். 'நான்கு எம்.2 ஸ்லாட், எட்டு யூஎஸ்பி' என்பது பெட்டியின் முகப்பில். 'அதைப் போட்டால் இது வேலை செய்யாது' என்பது மேனுவலில், நட்சத்திரக் குறி போட்ட பொடி எழுத்தில்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. 'மேனுவலில் இருக்கே' என்று கம்பெனிகள் வாதாடலாம், அது எடுபடவும் செய்யலாம். ஆனால் மேனுவலை வாங்குவதற்கு முன்னால் படிப்பவர் யார்? எந்த ஸ்லாட் ப்ராசசரில், எது சிப்செட்டில், எதற்கு எது பலி என்று காட்டும் ஒரு சின்னப் படத்தைப் பெட்டியின் பின்பக்கம் அச்சடித்தால் போதும். அந்தப் படம் கம்பெனிகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. சிலர் மேனுவலிலேயே போடுகிறார்கள்.

யூஎஸ்பி அமைப்பே பெயர்களை மாற்றி மாற்றி நம்மைக் குழப்பியதுதான். யூஎஸ்பி 3.0-வே பிறகு '3.2 ஜென் 1' ஆனது. கடைசியில் 2022-ல், வேகத்தையே லோகோவில் 5, 10, 20, 40 ஜிகாபிட் என்று எழுதச் சொல்லிவிட்டார்கள். அவர்களாலேயே முடியும்போது மதர்போர்டுக்காரர்களால் முடியாதா?

நண்பர் விஷயத்துக்கு வருவோம். அவருடைய பழைய எஸ்எஸ்டி 3,500 எம்பி வகை. அதுதான் வேகமான முதல் ஸ்லாட்டை ஆக்கிரமித்திருந்தது. இரண்டையும் இடம் மாற்றினார். ஹார்ட் டிஸ்க் கேபிள்களை அணைந்துபோன 5, 6 போர்ட்டுகளிலிருந்து 1, 2-க்கு மாற்றினார். ஒரு ஸ்க்ரூடிரைவர், இருபது நிமிஷம், செலவு பூஜ்யம். கல்யாணங்கள் இரண்டும் பத்திரமாக இருந்தன.